அணையில் ஒரு கடல் ஒத்திகை

கடலுக்கென்று வாங்கிய தூண்டிலில் மாமா முதன்முதலாக இழுத்தது என் மகளைத்தான். ஓசூரில் அவர் வீட்டுக் கூடத்தில், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன் நுனியில் தூண்டில் நூலைக் கட்டி, நடுவில் அவளை உட்கார வைத்திருந்தார். மறுகோடியில் சுவரில் முதுகைச் சாய்த்து, கோலை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ரீலின் கைப்பிடியைச் சுற்றினார். போர்வை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

"பெரியப்பா, நான் என்னா மீனு?"

"நீ வஞ்சிரம்டி. துள்ளு. துள்ளாத மீன இழுக்கறதுல என்னா இருக்குது?"

அவள் துள்ளினாள். சமையலறை வாசலிலிருந்து அக்கா, "பல்லு கில்லு ஒடைஞ்சா இவ என்னைத்தான் பேசுவா" என்று என்னைக் காட்டினாள். உண்மையில் அதைச் சொல்லத்தான் நானும் வாயெடுத்திருந்தேன். பாதி தூரத்தில் போர்வை நின்றுவிட்டது. மாமா வலது கையை உதறிவிட்டு, விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றினார். புதுக் கோல், பழக வேண்டும் என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம், அல்லது நினைப்பதாகக் காட்டிக்கொண்டோம்.

மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. மத்தூர்ப் பக்கத்துக்காரர். படிப்பு முடிந்ததும் ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, அங்கே அச்சுகளைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆனவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் என் மகள் பாதி நேரம் அந்த வீட்டில்தான் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கெலவரப்பள்ளி அணைக்குத் தூண்டிலோடு போவார். அங்கே மதகருகே கழிவுநீரின் வெள்ளை நுரை ஆளுயரத்துக்குப் பொங்கி நிற்கும். அந்தத் தண்ணீரில் பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துவர மாட்டார். கொக்கியைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுவார். "திங்காத மீன என்னாத்துக்குப் புடிக்கறீங்க?" என்று அக்கா கேட்டால், "திங்கறதுக்கு மார்க்கெட்டு இருக்குது. இது புடிக்கறதுக்கு" என்பார். பல வருஷங்கள் அப்படியே போயின. நல்ல தண்ணீரில் நல்ல மீனைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று தெரியாது. கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் காணொளிகள் பார்ப்பார் என்று அக்கா சொல்வாள். அந்தமானில் ஒரு சின்னத் தீவு. காலையில் பாறைமேல் நின்று தூண்டில் வீசுகிறார்கள். மறுநாள் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறார்கள். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்கூடத் தெரிகிறது. அதையே அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

அந்தப் போர்வை விளையாட்டுக்குப் பிறகு கொஞ்ச நாளில், சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு அவர் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். ஓசூரில் ஒன்றும் பிடிபடாமல் பெங்களூருக்குப் போனார்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய், மருந்தால் நிறுத்த முடியாது என்றார் மருத்துவர். கன்னடத்தில்தான் சொன்னார். மாமாவுக்குக் கன்னடம் நன்றாக வரும், அக்காவுக்கு அரைகுறை. கையால் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கியிருந்தால் சீக்கிரம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அக்கா அதைக் கையெழுத்து என்று புரிந்துகொண்டாள். திரும்பி வரும் வழியில், அத்திப்பள்ளி நெரிசலில் வண்டி நின்றபோது, வங்கிக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறாள். மாமா, "அந்தமானுக்கு எப்போ போலாம்?" என்றாராம். அவள் அழுதுகொண்டே திட்ட, "என் கையெழுத்த நீயே போட்டுக்கலாம், நான் கத்துக் குடுக்கறேன். மீன நீ புடிப்பியா?" என்று கேட்டிருக்கிறார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது சிரித்தாள். சிரித்தது சரிதானா என்று என் முகத்தையும் பார்த்துக்கொண்டாள்.

திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. மகள் பிறக்கும் வரை நானும் ஒரு தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தவள். "கண்ணு, நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. போட்டுக் குடு" என்றார் மாமா. எங்கள் பிரிவில் சரக்கு வெளியேற வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வருவோம். இங்கே அப்படி இரண்டு நாட்களைக் குறிக்க வேண்டியிருந்தது. கடல் அடங்கும் நாள் ஒன்று. தை பிறந்தால் அலை தணியும், படகில் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவின் கை எந்த நாள் வரை தாங்கும் என்பது இன்னொன்று. அதை யாரும் சொல்லவில்லை. ஆவணியில் உட்கார்ந்து தைக்குத் திட்டம் போட்டோம். அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மற்ற எல்லாவற்றையும் பேசினோம். முதல் நாள் கரையா, படகா? கரையில் நின்று சின்ன மீன் பிடித்துக் கையைப் பழக்கிக்கொண்டு மறுநாள் ஆழத்துக்குப் போவது முறை என்றார் மாமா. கை களைப்பதற்கு முன் முதல் நாளே படகில் போய்விடுவோம், கரை எங்கும் ஓடிவிடாது என்றேன் நான். அவருக்கு முழு நாள் படகு வேண்டும். அரை நாள் போதும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குழந்தைக்கு வாந்தி வந்தால், அவருக்கே மயக்கம் வந்தால் என்று என்னிடம் ஆயிரம் 'ஆல்'கள் இருந்தன. "போற ஊருக்கு நீ ஆஸ்பத்திரியையும் மூட்ட கட்டுவே" என்று என் கணவர் கேலி செய்தார். தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு எப்படி வருவது என்று நான் அதற்குள் விசாரித்து வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

மகள் பிற்பகலில் உறங்கும் நேரத்தில் தீவின் படகுக்காரரைக் கைபேசியில் கூப்பிடுவேன். முன்னோர் ராமநாதபுரத்திலிருந்து போய் அந்தமானில் குடியேறியவர்கள் என்றார். என்னைத் தங்கச்சி என்பார். ஒருநாள், தை முதல் வாரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டேன்.

"காத்து என்ன என் மச்சானா தங்கச்சி, முன்கூட்டியே சொல்லிட்டு வர்றதுக்கு? நீங்க வாங்க, அன்னிக்கு என்னன்னு பாப்போம்."

"குழந்தைக்கு மிதவைச் சட்டை சின்ன அளவுல இருக்குதாண்ணா?"

"இருக்கு. இதோட மூணு தடவ கேட்டுட்டீங்க."

கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு அன்றுதான் தைரியம் வந்தது. கையில் பலம் இல்லாத ஒருவர் படகிலிருந்து மீன் பிடிக்க முடியுமா என்றேன். "எவ்வளவு இல்ல?" என்றார். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு என்றேன். "பெரிய மீன் விழுந்துச்சுன்னா நானே தடுமாறுவேன்மா. இடுப்புல கட்டுற பெல்ட்டு இருக்கு. கூட ஒருத்தர் பிடிச்சுக்கலாம். அவரைக் கூட்டிட்டு வாங்க. பாத்துக்குவோம்." அந்த ஒரு 'பாத்துக்குவோம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்டுவிட்டு அன்று மாலை நான் பயணச் சீட்டுகளை எடுத்தேன்.

ஆனால் மாமா, பாத்துக்குவோம் என்ற சொல்லே ஆகாதவர். சோதனை ஓட்டம் எடுக்காமல் எதையும் உற்பத்தி லைனுக்கு விடக் கூடாது என்பது அவர் தொழிலின் விதி. புது அச்சு வந்தால் முதலில் அதில் கொஞ்சம் பாகங்களை அடித்துப் பார்ப்பார்கள். அதில் ஒன்று பிசகினாலும் அச்சு வெளியே போகாது. ஒருமுறை வாசலில் லாரி நிற்க, மேலதிகாரி கத்த, இவர் ஒப்புதல் தராமல் உட்கார்ந்திருந்த கதையை அக்கா பெருமையாகச் சொல்வாள். பயணத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது, மார்கழியில், மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "கண்ணு, ஒரு ட்ரையல் எடுத்துடலாம். கிருஷ்ணகிரி டேம்ல. போட்டுக்குப் பதிலா பரிசல். எல்லாரும் கெளம்பறது, மாத்திர போடறது, உக்கார்றது, எல்லாம் அங்க எப்படியோ அப்படியே." அப்போது அவரால் கோலைப் பிடிக்க முடிந்தது. தம்ளரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஞாயிறன்று விமானத்துக்குப் புறப்படுவது போலவே புறப்பட்டோம். பைகளை நிறுத்துப் பார்த்தோம். தொப்பிகளை மாட்டிக்கொண்டோம். சூளகிரியைத் தாண்டியதும் கடல் மயக்கத்துக்கான மாத்திரையை எல்லோரும் விழுங்கினோம். வண்டி ஓட்டுவதால் என் கணவர் மட்டும் போடவில்லை. மகளுக்கு மருத்துவரிடம் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கியிருந்தேன். குருபரப்பள்ளி வருவதற்குள் அவள் உறங்கிவிட்டாள். அக்கா கொட்டாவி விட்டுக்கொண்டே, "அந்தமான்ல போயி எல்லாரும் தூங்கறதுக்கு இங்கயே பாயப் போட்டுத் தூங்கலாம்" என்றாள். மாமா சிரித்தார். நான் அவர் சிரிப்பைப் பார்க்காமல், மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அணையில் பரிசல் வைத்து மீன் பிடிக்கும் ஒரு பெண்மணியிடம் முன்பே பேசியிருந்தோம். தெலுங்கு கலந்த தமிழ். வாய் நிறைய வெற்றிலை. "கடலுக்குப் போறவுங்க எங்க டேமுக்கு எதுக்கண்டி வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே பரிசலைத் தள்ளினார். என் கணவரும் உறங்கும் மகளும் கரையில் இருந்தார்கள். பரிசலில் மாமா, அக்கா, நான். நடுத்தண்ணீருக்குப் போனதும் மாமா, "அம்மா, கொஞ்சம் சுத்தி ஆட்டுங்க. கடல் அலையாட்டம்" என்றார்.

"காசு குடுத்துத் தல சுத்திக்கிற ஆள இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்" என்று அவர் துடுப்பைப் போட்டுப் பரிசலைச் சுழற்றினார். மலைகளும் அணைச் சுவரும் சுற்றின. நான் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தேன். "ஒண்ணு அவுட்டு" என்றார் மாமா. "மாத்திர சரியில்ல கண்ணு, மாத்து." அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். வேலையிடத்தில் அவர் அப்படித்தான் இருந்திருப்பார் என்று அப்போது தோன்றியது. பிழையைக் கண்டுபிடிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. திருத்திவிடக்கூடிய பிழைகளையே அதுவரை அவர் பார்த்திருந்தார்.

வெயில் ஏறிய பிறகு மீன் கடித்தது. கோல் வளைந்தது. கட்லாவாக இருக்கும், பெரியது என்றார் பரிசல்காரம்மா. மாமா இடது கையால் கோலை அணைத்துப் பிடித்து, வலது கையை ரீலின் கைப்பிடிக்குக் கொண்டுபோனார். விரல்கள் அதன்மேல் படிந்தன, மூடவில்லை. உள்ளங்கையால் தள்ளினார். ஒரு சுற்று வந்தது. மறு சுற்றில் வழுக்கியது. மணிக்கட்டால் தள்ளினார். கைப்பிடி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே போக, நூல் கிறீச்சென்ற சத்தத்தோடு ஓடியது. அக்கா எழுந்து கையை நீட்டினாள். பரிசல் சாய்ந்தது.

"தொடாதே."

"ஏங்க, நான் சும்மா மேல கைய மட்டும்..."

"தொடாதடி. நீ தொட்டா அது ட்ரையல் இல்ல."

அவள் அப்படியே உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பெண்கள் இருந்தோம், எங்கள் ஆறு கைகளும் நன்றாக இருந்தன. நூல் முழுவதும் ஓடி, முடிச்சில் வெட்டி நின்று, அறுந்தது. கோல் நிமிர்ந்துகொண்டது. "போனாப் போவுது சார், இந்த டேம்ல இல்லாத மீனா?" என்று பரிசல்காரம்மா சொன்னார். மாமா தலையாட்டினார். கரை சேரும் வரை அவர் வலது கையைத் தண்ணீரில் விட்டபடி வந்தார்.

கரையில் வறுத்த மீன் கடைகளில் கூட்டமாக இருந்தது. என் கணவர் எதிரே ஓடிவந்து, "என்னாண்ணா, எவ்வளவு பெரிசு?" என்றார். மாமா என் பக்கம் திரும்பினார். "ட்ரையல் ஃபெயிலு கண்ணு. கேன்சல் பண்ணிடு."

நான் என்னென்னவோ சொன்னேன். படகில் பெல்ட் இருக்கிறது, கூட ஒருவர் பிடிப்பார், மீன் பிடிக்காவிட்டால் என்ன, சும்மா பார்த்துவிட்டாவது வரலாம் என்றேன். "சும்மா பாக்கறதுக்கு வீடியோ இருக்குதே" என்றார். கோபம் இல்லை. அன்று தொழிற்சாலை வாசலில் லாரி நின்றபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார். திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே அக்கா வெடித்தாள். "அச்சு தப்பா இருந்தா உங்க கம்பெனியில திருத்துவீங்களா, தூக்கி எறிவீங்களா?"

"திருத்த முடிஞ்சா திருத்துவோம்."

"இல்லன்னா?"

"ஸ்கிராப்புன்னு எழுதுவோம்."

டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரை அவர் கையில் கொடுக்க நீட்டினார். என் கணவர் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டார்.

சீட்டுகளை ரத்து செய்ய எனக்குச் சில நாட்கள் ஆயின. அவர் மனம் மாறக்கூடும் என்று காத்திருந்தேனா, என்னாலேயே அதைச் செய்ய முடியவில்லையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. படகுக்காரரிடம் சொன்னபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை. "முடியுறப்ப வாங்க தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். தை பிறந்தது. நாங்கள் கடலில் இருந்திருக்க வேண்டிய காலையில் அக்கா மீன் வாங்கிக் குழம்பு வைத்து எங்களைக் கூப்பிட்டாள். மாமாவுக்கு அவள் முள்ளை எடுத்து எடுத்து ஊட்டினாள். பக்கத்தில் நான் என் மகளுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய்களும் மாறி மாறித் திறந்தன.

அதன் பிறகு இன்னொரு தையும் வந்து போய்விட்டது. மாமா இப்போது கட்டிலில்தான். கழுத்து நிற்பதில்லை. ஆரம்பத்தில் தொழிற்சாலை நண்பர்கள் கூட்டமாக வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இப்போது தீபாவளிக்கு இனிப்பு மட்டும் வருகிறது. பேச்சு குழறி, அக்காவைத் தவிர வேறு யாருக்கும் புரியாததாகிவிட்டது. அவர் ஒரு சத்தம் எழுப்புவார், "மின்விசிறியக் கொறைக்கச் சொல்றாரு" என்பாள் அவள். குறைத்தால் அவர் முகம் தணியும். அதனால் அவள் சொல்வதை நாங்கள் நம்புகிறோம்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் போவதில்லை. சமைக்கும்போதும், மகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதும் அது கூடவே வருகிறது. ஒத்திகை பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கேயும் கைப்பிடி வழுக்கித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாறைமேல் அவர் நின்றிருப்பார். தெரியாத ஊரில், தெரியாதவர்கள் முன்னால் தோற்றிருப்பார், அதைவிட இது மேல் என்றும் தோன்றும். வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் கேட்டது சரிதானா, கேட்காமல் கூட்டிப்போயிருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்கிறேன். யாரோடு பேசினாலும் தீரவில்லை. தீர்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

போன ஞாயிறு அக்கா மீன் வாங்கியிருந்தாள். எவ்வளவு குழைத்தாலும் தொண்டையில் இறங்குவது கஷ்டம், இனி வாய்வழி உணவை நிறுத்தும்படி இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கொஞ்சம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து, விரல்களுக்கிடையில் மீனை நசுக்கி முள் தேடினாள். என் மகள் தரையில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த முள்ளைத் தானே எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு நீண்ட என் கையைத் தள்ளிவிட்டாள். மாமாவின் பார்வை அந்தச் சின்ன விரல்கள்மேல் இருந்தது.

நான் கேட்டுவிட்டேன். "மாமா, அந்த ட்ரையல எடுக்காமயே நாம போயிருக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு இன்னொன்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை, விரல்கள் மீனுக்குள் தேடிக்கொண்டே இருந்தன.

"போயிருக்கலாம்ங்கறாரு" என்றாள்.

சொன்னது அவரா, அவளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த டீக்கடையில் கத்தியதற்குப் பிறகு அவள் ஒருமுறையும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் முகத்தில் தேடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்பதற்கும் அவர் கண்ணை மூடுவதுதான் வழக்கம், களைத்துவிட்டேன் என்பதற்கும் அதுதான்.

அக்கா ஒரு துளி மீனை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். "முள்ளு இல்லீங்க, நல்லாப் பாத்துட்டேன். வாயத் தொறங்க."